‘சிநேகிதனே’ என்று அழைத்த இரவு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



இன்றைக்குத் தரப்பட்ட தலைப்பு ‘நட்பு’. அதன் பெருமையைக் காலையில் பேசிய இருவரும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். மீண்டும் அதையே சொன்னால் பின்வரிசையில் இருப்பவர்கள் மதிய போசனத்தைப் பற்றி நினைக்கத் தொடங்குவார்கள். ஆகவே நட்பின் மறுபக்கத்தை எடுத்துக்கொள்வோம்: நட்பின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் துரோகம். விழா வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று சிலருக்குத் தோன்றலாம். வேதாகமம் இதைப் பேசுவது விருந்து மேசையில்தான், அதுவும் பஸ்கா விருந்து மேசையில். அந்தத் துணிவிலேதான் நாமும் பேசுகிறோம்.

எமது கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் சாப்பாட்டறைச் சுவரில் ஓர் இராப்போசனப் படம் தொங்கும். அதன் மூலப்படம் மிலான் நகரத்து மடமொன்றின் சாப்பாட்டு மண்டபச் சுவரில் இருக்கிறது. 1490களில் லியனார்டோ டா வின்சி வரைந்தது. தம்மோடு சாப்பிடுகிறவர்களில் ஒருவனே தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று இயேசு சொன்ன கணம் அது. அவருக்கு முன் அக்காட்சியை வரைந்த ஓவியர்கள் பலர், யூதாசை மேசையின் இந்தப் பக்கத்தில் தனியாக இருத்தினார்கள். கள்ளன் யாரென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லியனார்டோ அவனைத் தூக்கி மற்றவர்களுடைய வரிசையிலேயே, பேதுருவுக்கும் யோவானுக்கும் பக்கத்தில் இருத்திவிட்டார். கையில் பணப்பை இருக்கிறது. ஆனாலும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சுவிசேஷமும் அப்படித்தான் சொல்லுகிறது. யூதாஸ் எழுந்து இருளுக்குள் போனபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பணப்பை அவனிடம் இருந்தபடியால், பண்டிகைக்குத் தேவையானதை வாங்கப் போகிறான் அல்லது ஏழைகளுக்கு ஏதோ கொடுக்கப் போகிறான் என்று மற்றவர்கள் நினைத்ததாக யோவான் எழுதுகிறார். சற்று முன்னர் அந்தச் செய்தியைக் கேட்டபோதும் பதினொரு பேரில் ஒருவர்கூட யூதாசைத் திரும்பிப் பார்த்து “இவனாகத்தான் இருக்கும்” என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் “நானா, நானா” என்றுதான் கேட்டார்கள்.

‘மாயக்காரர்’ என்ற சொல் எமது பழைய தமிழ் வேதாகமத்தில் அடிக்கடி வருகிறது. கத்தோலிக்க சகோதரிகள் வாசிக்கும் திருவிவிலியத்தில் அது ‘வெளிவேடக்காரர்’ என்று இருக்கிறது. மூலமான கிரேக்கச் சொல்லுக்கு நாடக நடிகன் என்பதே பொருள். அந்தக் காலத்து நடிகன் முகமூடி அணிந்து நடித்தவன். முகமூடிகளில் மிகவும் பொருத்தமாக அமைவது தர்மத்தின் முகமூடி. பெத்தானியா வீட்டில் மரியாள் விலையுயர்ந்த பரிமள தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசியபோது, இதை முந்நூறு வெள்ளிப்பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். ஒரு கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு வெள்ளிப்பணம் சம்பளமாக இருந்த காலம் அது. ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு. நியாயமான கேள்விதானே! நாங்கள் அந்த வீட்டில் இருந்திருந்தால் ஆமோதித்திருப்போம். அவன் ஏழைகளைப் பற்றிக் கவலைப்பட்டவன் அல்லன், பையில் இருந்ததை எடுப்பவன் என்று யோவான் பின்னர் எழுதியபடியால்தான் எமக்குத் தெரிகிறது.

இந்த இடத்தில் சங்கங்களுக்குரிய ஒரு சிறு குறிப்பு. பொருளாளரோடு இன்னொருவரும் காசோலையில் கையெழுத்திட வேண்டும், வருடாந்தம் கணக்காய்வு நடக்க வேண்டும் என்றால், “எங்களில் நம்பிக்கை இல்லையோ” என்று முகம் சுளிப்பவர்கள் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. எவரும் குறை சொல்லாதபடி, சபைகள் நியமித்த ஆட்களையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கணக்கைக் காட்டுவது நட்புக்கு அவமானம் அல்ல. பொருளாளர் அக்கா சிரிப்பதைப் பார்த்தால் அவருக்கும் சம்மதம் போலிருக்கிறது.

போலி நட்பைப் பற்றிய எச்சரிக்கை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. இந்தக் கல்லூரியில் படித்த சைவப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அறிவு எம் எல்லோருக்கும் பயன்பட்டது. வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் எழுதியதோடு நிற்காமல், நட்பாராய்தல், பழைமை, தீநட்பு, கூடாநட்பு என்று தொடர்ந்து எழுதினார். கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் இருக்கலாம் என்பது அவருடைய எச்சரிக்கை. பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனாரின் கதை அதற்கு உதாரணம். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக்கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அடியார் வேடத்தில் வந்தான். குத்துப்பட்டு விழும்போதும் நாயனார், அவன் நம்மவன் என்று காவலன் தத்தனைத் தடுத்து, பகைவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொன்னார். கெத்சமனேத் தோட்டத்தில் யூதாஸ் முத்தமிட வந்தபோது இயேசு அவனைச் ‘சிநேகிதனே’ என்று அழைத்ததை வாசிக்கும்போதெல்லாம், தத்தனுக்குச் சொன்ன அந்த வார்த்தையும் எமக்கு நினைவுக்கு வருகிறது. இரண்டு வேதங்களையும் ஒரே கூரையின்கீழ் கேட்டு வளர்ந்ததில் கிடைத்த செல்வம் இது.

பழைய ஏற்பாட்டிலும் ஒரு முத்தம் இருக்கிறது. தாவீதின் படைத்தலைவன் யோவாப், தன் சொந்த ஒன்றுவிட்ட சகோதரன் அமாசாவைக் கண்டு சுகம் விசாரித்தான். வலக்கையால் தாடியைப் பிடித்து முத்தமிடக் குனிந்தான். இடக்கையில் வாள் இருந்தது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

அகித்தோப்பேலின் கதைதான் எம்மைக் கூடுதலாகச் சிந்திக்க வைப்பது. அவன் தாவீதின் ஆலோசகன். அவன் சொல்லுக்கு அரண்மனையில் அவ்வளவு மதிப்பு. அப்சலோம் தகப்பனுக்கு எதிராகக் கிளம்பியபோது அவன் அப்சலோமோடு சேர்ந்துகொண்டான். ஏன்? சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் தனித்தனியே இரண்டு குறிப்புகள் கிடக்கின்றன. பத்சேபாள் எலியாமின் மகள் என்பது ஒன்று. அகித்தோப்பேலுக்கு எலியாம் என்றொரு மகன் இருந்தான் என்பது மற்றது. இரண்டு எலியாமும் ஒருவரே என்றால், தாவீது கெடுத்தது அகித்தோப்பேலின் பேத்தியை. கொல்வித்தது பேத்தியின் கணவனை. வேதம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, பெயர்களைச் சேர்த்துப் பார்த்தவர்களின் ஊகம் இது. ஊகம் சரியானால், அந்த மனிதர் எத்தனையோ வருடம் மனதில் புண்ணை வைத்துக்கொண்டு, அரசனுக்கு முன்னால் பணிந்து நின்று நல்ல ஆலோசனை சொல்லியிருக்கிறார். ஒருநாளாவது வாய் திறந்து “நீர் என் வீட்டுக்குச் செய்தது என்ன” என்று கேட்டிருந்தால்? அரசனிடம் அப்படிக் கேட்க முடியாது என்பீர்கள். நாத்தான் தீர்க்கதரிசி கேட்டாரே.

இனி எமது ஊருக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசி வந்தால், விசாரிக்க வருகிறவர்கள் தேடிப் போவது அவளுடைய பள்ளித் தோழியின் வீட்டுக்குத்தான். கூடப் படித்தவளுக்குத் தெரியாததா! தேத்தண்ணி வரும். பிறகு பதிலும் வரும். “பிள்ளை நல்ல பிள்ளைதான், குணம் தங்கம். எண்டாலும்…” அந்த ‘எண்டாலும்’ என்பதற்குப் பிறகு ஒன்றுமே சொல்லத் தேவையில்லை. “நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ” என்று முடித்துவிட்டால் போதும். சம்பந்தம் நின்றுவிடும். நின்ற கவலையில் அழுகிற தோழிக்குத் தோள் கொடுக்க முதலில் ஓடிவருபவளும் அவளாகவே இருப்பாள். யோவாபின் வாளைவிட இது சுத்தமான வேலை, இரத்தம் சிந்தாது. இப்போது கலியாணப் பேச்சு இணையத்துக்குப் போய்விட்டது, ஆனால் ‘எண்டாலும்’ வட்சப்பில் நலமாகவே இருக்கிறது.

அடுத்தது அற்றோணித் தத்துவம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எம்மில் பலர் பெட்டியில் முதலில் வைத்தது காணி உறுதியைத்தான். பின்னர் வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் சிதறியவர்கள், ஊரில் இருந்த நம்பிக்கையான சிநேகிதரிடம் வீடு வளவைப் பார்க்கும்படி அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் அந்த நம்பிக்கையைக் கண்ணின் மணிபோலக் காத்தார்கள். மாமரத்துப் பழத்தைக்கூட விற்றுக் கணக்கு எழுதி அனுப்பியவர்கள் உண்டு. வேறு சிலர் கிறிஸ்மஸ் வாழ்த்து தவறாமல் அனுப்பிக்கொண்டே காணியை விற்றுவிட்டார்கள். அறிந்தபோது வீடு இன்னொருவருடையதாக இருந்தது, வழக்குக் கட்டணமோ காணியின் பெறுமதியை நெருங்கியது. இப்படியான கதை இம்மண்டபத்தில் ஒருவருக்கும் புதிதல்ல. காணி போனதைவிட, அந்த வாழ்த்து மட்டைகளை எண்ணித்தான் அவர்கள் அதிகம் நொந்தார்கள்.

இவை கணக்குப் போட்டுச் செய்த காரியங்கள். கணக்குப் போடாத இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் எமது தலைமுறை இந்தத் தலைப்பைக் கடந்து போக முடியாது.

‘தலையாட்டி’ என்ற சொல்லை இளம் பழைய மாணவிகள் கேள்விப்பட்டிருக்கலாம், கண்டிருக்க மாட்டீர்கள். அதிகாலையில் ஊர் சுற்றிவளைக்கப்படும். சனத்தைக் கோயில் வீதிக்கோ பாடசாலை மைதானத்துக்கோ கூட்டிப்போய் வரிசையில் விடுவார்கள். முன்னால் முகத்தை மூடிய ஒருவர், கண்களுக்கு மட்டும் இரண்டு துளை. வரிசை மெல்ல நகரும். அந்தத் தலை ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் வாகனத்தில் ஏற வேண்டும், பிறகு எங்கே என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். நின்றவர்கள் எல்லோரும் துணிக்குள் இருந்த கண்களையும், துணிக்கு வெளியே தெரிந்த கால்களையும் பார்த்தார்கள். அயல்வீட்டுப் பொடியனா? எங்கள் வீட்டில் புட்டுத் தின்ற பிள்ளையா? அன்று வீடு திரும்பியவர்கள் ஒருவரையொருவர் பார்த்த பார்வை மாறிப்போனது. அதன்பின் பல வீடுகளுக்குப் போக்குவரத்து நின்றது.

அவர்களை யூதாஸ் என்றோம். சிலர் யூதாசாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் துணிக்குள் நிறுத்தப்பட்ட பலர் தாங்களே பிடிபட்டவர்கள், அடிபட்டவர்கள், ஆட்டாவிட்டால் நீயே போவாய் என்று சொல்லப்பட்டவர்கள். அவர்கள் யூதாசின் வரிசையிலா, பேதுருவின் வரிசையிலா?

இந்த வேறுபாட்டை வேதம் மிகக் கவனமாகக் காட்டுகிறது. ஒரே இரவில் இருவர் இயேசுவைக் கைவிட்டார்கள். யூதாஸ் முன்கூட்டியே போய் விலை பேசினான். முப்பது வெள்ளிக்காசு, மாடு முட்டி ஓர் அடிமை செத்தால் எசமானுக்குக் கொடுக்கும்படி மோசேயின் சட்டம் விதித்த நட்டஈடும் முப்பதே. தன் சிநேகத்தையே ஆயுதமாக்கி, யாரைப் பிடிக்க வேண்டும் என்பதை முத்தத்தால் காட்டினான். பேதுருவோ திட்டம் ஒன்றும் போடவில்லை. குளிருக்குக் கரிநெருப்பில் கைகாய்ந்துகொண்டு நின்றவனை ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதும் பயந்து, அந்த மனிதனைத் தெரியாது என்றான். மூன்று தரம். இரண்டாலும் இயேசு தனித்துப் போனார். எனினும் பயத்தில் விழுந்தவனையும் நட்பை விலைக்கு விற்றவனையும் வேதம் ஒரே தராசில் வைக்கவில்லை. எமது ஊர் பல தடவை வைத்துவிட்டது. அதைவிடக் கொடியது, ஒன்றுமே செய்யாத வீடுகளையும் வெறும் சந்தேகத்தில் அந்தத் தராசில் ஏற்றியது. தம்பியைப் பற்றிக் கிளம்பிய ஒரு வதந்தியினால் முப்பது வருடமாக எந்த ஒன்றுகூடலுக்கும் வராத பழைய மாணவிகள் இருக்கிறார்கள். வதந்தியை முதலில் அனுதாபத்தோடு காதில் சொன்னவர்கள் இன்றும் முன்வரிசையில் இருக்கலாம்.

போலிச் சிநேகிதிக்கு எதிர்ப்பதம் எப்போதும் இனிமையாகப் பேசுகிறவள் அல்லள். முகத்துக்கு முன்னால் சொல்லுகிறவள். அந்தியோகியாவில் நடந்ததைக் கலாத்தியர் நிருபத்தில் பவுல் எழுதியிருக்கிறார். பேதுரு அங்கே யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியை விட்டு ஒதுங்கினார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் ஒதுங்கினார்கள், நல்ல மனிதரான பர்னபாவும் கூட. பவுல் அதற்குக் கொடுத்த பெயர் மாயம், அதே முகமூடிச் சொல். அவர் ஊர் ஊராகக் கடிதம் எழுதிப் பேதுருவைக் குறை சொல்லத் தொடங்கவில்லை. எல்லோருக்கும் முன்பாக, பேதுருவின் முகத்துக்கு நேரே கேட்டார்.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதில் தூரத்துக் கதை ஒன்றுமில்லை. ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிறகு வாலிபர் காங்கிரஸ், எமது சங்கத்தின் வயதை ஒத்தது. அந்த வருடங்களில் சமஆசனம், சமபோசனம் என்ற இரண்டு சொற்கள் குடாநாட்டின் பாடசாலைகளைக் குலுக்கின. கோயிலில் ஒரே அப்பத்தில் பங்குபெற்று, பரலோகத்தில் எல்லோரும் ஒன்று என்று ஞானப்பாட்டுப் பாடிவிட்டு, விடுதிச் சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் ஒதுங்கியவர்கள் இருந்தார்கள். பேதுரு செய்ததும் அதுதான். அவர்களை முகத்துக்கு நேரே கேட்ட சிலர் இருந்தபடியால்தான் பிற்காலத்தில் வந்த நாங்கள் ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டோம். கேட்டவர்களை அந்தக் காலத்தில் யாரும் நல்ல சிநேகிதர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிறிஸ்தவர்கள் என்றபடியால் எல்லாவற்றையும் மறந்து பழையபடி இருக்க வேண்டும் என்று சில சமயம் எமக்குப் போதிக்கப்படுகிறது. ஏமாந்தவளிடம்தான் இதை அதிகம் சொல்லுகிறார்கள், ஏமாற்றியவளிடம் அல்ல. இயேசு யூதாசின் கால்களையும் கழுவினார், தோய்த்த அப்பத்துண்டையும் அவனுக்குக் கொடுத்தார். தீங்கு செய்தவனுக்குத் தீங்கு செய்யாமல் விடலாம், அவன் நலத்துக்காக ஜெபிக்கலாம், தெருவில் கண்டால் முகம் திருப்பாமல் போகலாம். அதற்காக இரண்டாம் தடவையும் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. மன்னிப்பை நாம் கொடுக்கலாம். நம்பிக்கை உழைத்துத் திரும்பப் பெறவேண்டிய ஒன்று.

பேதுரு அதைத் திரும்பப் பெற்ற விதம் யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. இரவு முழுவதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படாத சீஷர்கள் விடியற்காலையில் கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பு மூட்டியிருக்கிறது, அதன்மேல் மீனும், கூடவே அப்பமும். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. பேதுரு மறுதலித்த முற்றத்தில் ஒன்று, இந்தக் கடற்கரையில் மற்றது. அந்த மணம் மூக்கில் பட்டதும் பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்! இயேசு முதலில் அவர்களைச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடிந்த பிறகே கேட்டார், மூன்று தரம். ஏன் அப்படிச் செய்தாய் என்பது கேள்வி அல்ல. என்னில் அன்பாயிருக்கிறாயா என்பதே கேள்வி. மூன்றாம் தரம் பேதுருவுக்கு மனம் நொந்தது. நோகத்தான் செய்யும். நேருக்கு நேர் கேட்டதில் வந்த நோவு அது.

இந்த மலரின் பிரதியை, எத்தனை வருடமாகப் பதில் எழுதாவிட்டாலும், முகவரிப் புத்தகத்தில் பெயருள்ள எல்லோருக்கும் தபாலில் அனுப்பச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. சில முகவரிகள் பழையவை. சரியான முகவரி தெரிந்தவர்கள் வெளியே வாசலில் வைத்திருக்கும் கொப்பியில் எழுதிவிட்டுப் போகும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். வராமல் இருப்பவர்களின் முகவரிகளே இப்போது கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

 சாப்பாடு ஆயத்தமாம்.